பெயர்ச்சீட்டும் சான்றும்: அத்தீனே ஆந்தைப் பேரினத்தின் வரலாற்றில் ஒரு மோசடியும் ஒரு மீள்கண்டுபிடிப்பும்

முன்னுரை

சான்றின்றி வரலாறு இல்லை என்பது நாம் மாணவர்க்கு முதற்கண் கற்பிக்கும் பாடமாகும். கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, ஆவணம் என எதனை எடுத்துக்கொண்டாலும், அது எங்கிருந்து கிடைத்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, இடையில் யாரேனும் அதனைத் திருத்தினரா என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே அதனை நாம் ஏற்கின்றோம். இவ்வினாக்கள் மொழிக்கும் வரலாற்றுக்கும் மட்டுமே உரியவை என்று எண்ணுதல் பொருந்தாது. இயற்கை அறிவியலிலும், சிறப்பாக அருங்காட்சியகச் சேகரிப்புகளை அடிப்படையாகக் கொண்ட பறவையியலிலும், இதே வினாக்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்கத் தவறியவிடத்து நேரும் இழப்பு சிறியதன்று.

இக்கட்டுரை, ‘அத்தீனே’ என்று அறிவியலார் வழங்கும் ஆந்தைப் பேரினத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அப்பேரினத்தைச் சேர்ந்த காட்டுச் சிற்றாந்தை என்னும் இந்தியப் பறவை நூல்களிலிருந்து 113 ஆண்டுகள் மறைந்து மீண்டும் வெளிப்பட்ட வரலாற்றை ஆராய முற்படுகின்றது. ஒரு பறவைத் தோலில் கட்டப்பட்ட பொய்யான பெயர்ச்சீட்டு, உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்த ஓர் இனத்தைப் பற்றிய அறிவை எவ்வாறு திசைதிருப்பியது என்பதும், அச்சீட்டைச் சான்றுப் பட்டியலிலிருந்து நீக்கியமை எவ்வாறு அப்பறவையைக் கண்டடைய வழிவகுத்தது என்பதும் இங்குக் காட்டப்பெறும். பறவையியல் நமது துறையன்று. எனினும் சான்றாய்வு நமது துறையே ஆதலின், இவ்வரலாறு நமக்கும் உரியதெனக் கருதுகின்றோம்.

பேரினமும் அதன் இனங்களும்

அத்தீனே என்னும் பேரினத்தை 1822-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஜெர்மானியப் பறவையியலாளர் ஃபிரெடரிக் போயி என்பவராவார். கிரேக்கரின் அறிவுத் தெய்வமாகிய அத்தீனாவின் பெயரே இப்பேரினத்திற்கு இடப்பட்டது. அத்தெய்வத்தின் பறவையாகப் போற்றப்பட்ட சிற்றாந்தை, ஏதென்ஸ் நகரின் நான்கு திராக்மா வெள்ளி நாணயங்களில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்நாணயங்களையே ‘ஆந்தைகள்’ என மக்கள் வழங்கினர். ஏற்கனவே நிறைந்துள்ள இடத்திற்கே ஒரு பொருளைக் கொண்டு செல்லும் வீண்செயலை, ‘ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டு செல்லுதல்’ என்று கிரேக்கர் பழமொழியாகக் கூறினர். கொல்லன் தெருவில் ஊசி விற்றல் என்னும் நம் வழக்கை இதனோடு ஒப்பிடலாம்.

நாணயத்தில் காணப்படும் அச்சிற்றாந்தைக்கு அத்தீனே நோக்டுவா என்பது அறிவியற்பெயர். இதனை 1769-இல் ஸ்கோபோலி என்பார் விவரித்தார். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்குப் பகுதி வரை இது பரவியுள்ளது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் வளையாந்தை, அத்தீனே குனிகுலேரியா எனப்படுகின்றது. சிலி நாட்டு அறிஞரான மொலினா 1782-இல் விவரித்த இப்பறவை, மரப்பொந்துகளை விடுத்து நிலத்து வளைகளில் கூடமைக்கும் இயல்புடையது. மடகாஸ்கர் தீவில் வாழும் வெண்புருவ ஆந்தையும், மரபணு ஆய்வுகளின் பயனாக அண்மைக்காலத்தில் இப்பேரினத்துள் சேர்க்கப்பட்டுள்ளது.

இந்தியத் துணைக்கண்டத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவது புள்ளி ஆந்தையாகும். டச்சு நாட்டு அறிஞர் டெம்மிங்க் 1821-இல் இதற்கு இட்ட பெயரில் ‘பிரம்மா’ என்னும் இந்துக் கடவுளின் பெயர் ‘பிராமா’ என்றாகி நின்றது. எனவே இன்று அத்தீனே பிராமா என வழங்கும் இப்பறவையின் பெயரில், கிரேக்கத் தெய்வம் ஒன்றும் இந்தியத் தெய்வம் ஒன்றும் அருகருகே அமைந்துள்ளன. தென்னிந்தியாவில் வாழும் துணையினமே இவ்வினத்தின் முதற்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. வடஇந்தியத் துணையினத்திற்கு 1831-இல் ஃபிராங்க்ளின் ‘இண்டிகா’ எனப் பெயரிட்டார். தமிழகத்தின் ஆலமரப் பொந்துகளிலும் பழைய கட்டடங்களின் இடுக்குகளிலும் இணையாகவோ குடும்பமாகவோ அமர்ந்து, மாலையில் கீச்சிட்டுச் சலசலக்கும் சிறிய ஆந்தை இதுவே. இலங்கையிலும் மலாயாத் தீபகற்பத்திலும் இது காணப்படுவதில்லை. ஆதலின் இந்நாட்டுத் தமிழ் மாணவர்கள் இதனைப் பாடநூலிலன்றி நேரில் அறியும் வாய்ப்பில்லாதவர்கள்.

இப்பேரினத்தின் மற்றோர் இந்திய இனமே இக்கட்டுரையின் மையப்பொருளாகிய காட்டுச் சிற்றாந்தை. அதன் வரலாற்றுள் புகுமுன், பெயர்கள் குறித்து நம் மரபு காட்டும் ஒரு செய்தியை இங்கு நினைவுகூர்தல் பயனுடையது.

தமிழ் மரபில் பெயரும் பொருளும்

ஆந்தை, கூகை, குடிஞை, ஊமன், கோட்டான் எனப் பல பெயர்கள் தமிழில் இவ்வகைப் பறவைகளுக்கு உள்ளன. கோழியின் பெண்ணைப் போலவே கூகையின் பெண்ணும் ‘அளகு’ என்னும் பெயர் பெறும் எனத் தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது. கூகைக் கோழியார் என்றொரு புலவரின் பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. திருக்குறளின் காலமறிதல் அதிகாரம், பகற்பொழுதில் காக்கையிடம் தோற்கும் கூகையைக் காட்டியே தொடங்குகின்றது. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதியும் காக்கைக்கும் ஆந்தைக்கும் உள்ள பகையையே கதைப்பொருளாகக் கொண்டது.

ஆயினும் ‘ஆந்தை’ என்னும் சொல் வருமிடமெல்லாம் பறவையைக் குறிக்கும் என்று கொள்ளல் ஆகாது. பிசிராந்தையார் என்னும் புலவர் பெயரைப் படிக்கும் இளமாணவன், அதில் பறவையைக் காண்பது இயல்பே. ஆனால் ஆதன் என்னும் பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் புணருங்கால் ‘ஆந்தை’ என்றாகும் எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் கூறும் விதியை அறிந்த ஆசிரியர், அங்குள்ளது பறவையன்று, ஆதனின் தந்தை என்னும் பொருளே என்று விளக்குவார். சொல் ஒன்றாக இருப்பினும் அதன் பிறப்பு வேறு. புறத்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், ஒரு வடிவம் எவ்வழி வந்தது என்று தேடுவதே ஆய்வு நெறி. பறவைத் தோலில் கட்டிய சீட்டுக்கும் இந்நெறி பொருந்தும் என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

ஹ்யூமும் ஏழு மாதிரிகளும்

இந்திய தேசிய காங்கிரஸ் 1885-இல் தோன்றுவதற்குக் காரணராக இருந்தவருள் முதன்மையானவர் என்னும் வகையில் ஆலன் ஒக்டேவியன் ஹ்யூம் (1829–1912) நம் மாணவர்க்கு அறிமுகமானவர். அவரே பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியப் பறவையியலின் தலையாய அறிஞருமாவார். ஆங்கில ஆட்சியில் உயர்பதவி வகித்த காலத்தில், நாடெங்கும் பணியாற்றிய அலுவலர்கள், படையினர், நிலவியலாளர் ஆகியோரைக் கொண்டு ஒரு பெரிய சேகரிப்பு வலையை அவர் அமைத்தார். அவர்கள் அனுப்பிய குறிப்புகளை வெளியிடுதற்கென்றே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் ஆய்விதழையும் தொடங்கி நடத்தினார்.

1872-ஆம் ஆண்டு டிசம்பரில், இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள புல்ஜார் வட்டாரத்திலிருந்து ஓர் ஆந்தையின் தோல் ஹ்யூமுக்குக் கிட்டியது. அனுப்பியவர் எஃப். ஆர். பிளூவிட். புள்ளி ஆந்தையைப் போன்றே தோன்றினும், தலையுச்சியில் புள்ளிகள் ஏறத்தாழ இல்லாமையும், சிறகிலும் வாலிலும் அகன்ற பட்டைகள் அமைந்தமையும், கால்களில் அடர்ந்த வெண்ணிறத் தூவிகள் இருந்தமையும் கண்ட ஹ்யூம், இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே எனத் துணிந்தார். 1873-இல் தம் இதழில் அதனை ஹெட்டரோகிளாக்ஸ் பிளூவிட்டி எனப் பெயரிட்டு வெளியிட்டார். ஹெட்டரோகிளாக்ஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘வேறான ஆந்தை’ என்பது பொருள்.

1877-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வாலன்டைன் பால், இன்றைய ஒடிசா மாநிலத்தின் கரியார் பகுதியில் மற்றொன்றைச் சேகரித்தார். அதன்பின் 1880-களின் தொடக்கத்தில், பம்பாய் மாகாணத்தின் கான்தேஷ் பகுதியில் ஆட்சிப்பணி புரிந்த ஜேம்ஸ் டேவிட்சன், அங்குள்ள ஷஹாதா, தலோதா ஆகிய ஊர்களைச் சார்ந்த காடுகளில் மேலும் சிலவற்றைச் சேகரித்தார். இவ்வாறு 1872 முதல் 1884 வரை கிடைத்தவை மொத்தம் ஏழே மாதிரிகள். கிழக்கில் கிடைத்த இடத்திற்கும் மேற்கில் கிடைத்த இடத்திற்கும் இடையே எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு. 1884-க்குப் பின் ஐயத்திற்கிடமற்ற பதிவு எதுவும் இல்லை.

இச்சேகரிப்புகளின் பின்வரலாறும் கருதத்தக்கது. இருபத்தைந்து ஆண்டுகளாக ஹ்யூம் எழுதிச் சேர்த்து வைத்திருந்த பறவைக் குறிப்புகளின் கையெழுத்துப் படிகளை, சிம்லா இல்லத்தில் இருந்த பணியாள் ஒருவர் பழைய தாளாக எடைக்கு விற்றுவிட்டமை 1883-இல் தெரியவந்தது. ஓலைச்சுவடிகள் அடுப்பெரிக்கப் பயன்பட்ட செய்திகளை அறிந்த நமக்கு இவ்விழப்பின் தன்மை எளிதில் விளங்கும். மனமொடிந்த ஹ்யூம், பறவையியலைத் துறந்து, தம் பெருஞ்சேகரிப்பு முழுவதையும் 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். காட்டுச் சிற்றாந்தையின் முதல் மாதிரியும் அவ்வாறே இலண்டன் சேர்ந்தது. குறிப்பேடுகள் அழிந்தபின் எஞ்சிய சான்று, தோலும் அதிற்கட்டிய சிறு சீட்டும் மட்டுமே. ஒரு சீட்டில் எழுதிய இடப்பெயரும் நாளும் எத்துணை மதிப்புடையவை என்பதை இச்சூழல் உணர்த்தும்.

1914 எனக் குறித்த சீட்டு

பிற்கால நாளைத் தாங்கிய மாதிரி ஒன்றும் பின்னர் வெளிப்பட்டது. அது கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் (1878–1967) என்பவரின் சேகரிப்பைச் சேர்ந்தது. குஜராத்தில் தபதி ஆற்றங்கரையில் உள்ள மாண்ட்வி என்னும் ஊரில் 1914-ஆம் ஆண்டில் தாம் அதனைச் சேகரித்ததாக அவர் சீட்டெழுதியிருந்தார்.

மைனர்ட்ஸ்ஹாகன் சாதாரண மனிதரல்லர். முதல் உலகப்போரில் உளவுப்பணியில் பெயர்பெற்றவர். பறவைகள் குறித்துப் பல நூல்களை எழுதியவர். ஏறத்தாழ 20,000 பறவைத் தோல்களைத் திரட்டி 1954-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வழங்கியவர். இத்தகைய ஒருவரின் சீட்டை ஐயுறுவது எளிதன்று. அருங்காட்சியகத்தின் மாதிரிகளை இசைவின்றி எடுத்துச் சென்றமைக்காக ஒரு காலத்தில் அங்குள்ள பறவைக்கூடத்திற்குள் நுழைய அவருக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அச்செய்தி துறைக்குள்ளேயே அடங்கியிருந்தது. பதவியும் புகழும் அவர் கூற்றுக்கு அரணாயின.

அச்சீட்டின் விளைவை இரண்டாகப் பகுத்துக் காணலாம். ஒன்று காலம் பற்றியது. 1884-க்குப்பின் முப்பது ஆண்டுகள் கழித்தும் அப்பறவை இருந்தது என்பதற்கு அதுவே ஒரே சான்றாயிற்று. மற்றொன்று இடம் பற்றியது. இருபதாம் நூற்றாண்டுக்குரிய ஒரே பதிவு என்பதால், தேடுவோரின் கண் இயல்பாகவே அங்குத் திரும்பியது. அவ்விடத்தில் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். 1970-களில் எஸ். டில்லன் ரிப்ளி, சாலிம் அலி போன்ற பேரறிஞர்களின் முயற்சிகளும் கைகூடவில்லை. இடையில் இப்பறவையினது என வெளியான ஒளிப்படமும் பின்னர்ப் புள்ளி ஆந்தையினதே எனத் தெளிவாயிற்று. பறவை அழிந்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தேடியவர்கள் திறமையற்றவர்களல்லர், அக்கறையற்றவர்களுமல்லர். அவர்கள் கையிலிருந்த சான்றுப் பட்டியலில் ஒரு வரி பொய்யாக இருந்தது. பட்டியல் சிறிதாக இருக்கும்போது, ஒரு வரி பொய்த்தாலும் முழுப் படமும் மாறிவிடுகின்றது.

சான்றாய்வு

மைனர்ட்ஸ்ஹாகன் மீதான ஐயத்தை ஆய்வுமுறைப்படி முதன்முதலில் நிறுவியவர் ஆலன் நாக்ஸ் ஆவார். அவர் 1993-இல் ‘ஐபிஸ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை, வேறொரு சிறுபறவையின் மாதிரிகளை ஆராய்ந்து, அவற்றுள் சில அருங்காட்சியகத்திலிருந்து களவாடப்பட்டுப் புதுச்சீட்டு கட்டப்பட்டவை என்று காட்டியது. அக்காலத்தில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில், ரிப்ளியின் தூண்டுதலால் தொடங்கப்பெற்ற தென்னாசியப் பறவை வழிகாட்டி நூற்பணியில் ஈடுபட்டிருந்தவர் பமீலா ராஸ்முசென். ஒவ்வோர் இனத்தின் பரவலையும் மாதிரிகளைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டியிருந்ததால், அவருக்கு மைனர்ட்ஸ்ஹாகனின் சீட்டுகளைக் கடந்து செல்ல இயலவில்லை.

ராஸ்முசெனும் பிரிட்டனைச் சேர்ந்த நைஜல் கொல்லரும் 1914-ஆம் ஆண்டு மாதிரியை நுணுகி ஆராய்ந்தனர். பறவைத் தோலை உரித்துப் பதப்படுத்தி உள்ளே பஞ்சடைத்துத் தைப்பதில் ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் தனிப்பட்ட கைமுறை உண்டு. கையெழுத்தைப் போல அது அவரைக் காட்டிக்கொடுக்கும். கதிர்ப்படம் முதலிய முறைகளால் ஆராய்ந்தபோது, அந்த மாதிரி ஒருமுறை பிரிக்கப்பட்டு மீண்டும் அடைக்கப்பட்டமை தெரிந்தது. மறைக்க முயன்றும் மறையாமல் எஞ்சிய பழைய வேலைப்பாடு மைனர்ட்ஸ்ஹாகனுடையதன்று. கான்தேஷில் சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனுடையது. அதாவது, 1880-களில் டேவிட்சன் சேகரித்து அருங்காட்சியகத்தை அடைந்த ஒரு தோல், அங்கிருந்து எடுக்கப்பட்டு, உருமாற்றப்பட்டு, புதிய இடமும் புதிய ஆண்டும் எழுதிய சீட்டோடு வேறொருவர் பெயரில் திரும்பி வந்துள்ளது. இம்முடிவு 1999-இல் ‘ஐபிஸ்’ இதழில் விரிவாக வெளியாயிற்று.

கல்வெட்டியலார் போலிச் செப்பேடுகளைக் கண்டறியும் முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய அரசனின் பெயரும் ஆண்டும் செப்பேட்டில் இருப்பினும், எழுத்தமைதி பிற்காலத்தது எனின் அச்செப்பேடு போலியென்றே கொள்ளப்படும். ஏட்டில் எழுதியவன் பொய் கூறலாம். எழுத்தின் வடிவம் பொய் கூறுவதரிது. அவ்வாறே சீட்டு பொய் கூறினும் தையல் மெய் கூறிற்று.

ஆய்வு இதனோடு நின்றுவிடவில்லை. அச்சேகரிப்பின் நூற்றுக்கணக்கான மாதிரிகள் ஐயத்திற்குரியவை எனப் பின்னர் அறியப்பட்டது. உண்மையான பதிவுகளும் அவற்றிடையே கலந்துள்ளமையே பெருஞ்சிக்கலாகும். முற்றும் பொய்யாயின் ஒதுக்கிவிடலாம். மெய்யும் பொய்யும் விரவிய சேகரிப்பை ஒவ்வொன்றாகவே ஆராய்ந்து பிரிக்க வேண்டும். இடைச்செருகல்கள் மிக்க நூலைப் பதிப்பிப்பவர் இத்துயரை நன்கறிவார்.

1997 நவம்பர்

மேற்கண்ட ஆய்வின் பயன் நூலகத்திலன்று, காட்டில் வெளிப்பட்டது. 1914-ஆம் ஆண்டுச் சீட்டை நீக்கிவிட்டால் எஞ்சுவன இரண்டே பகுதிகள்: கிழக்கில் புல்ஜாரும் கரியாரும், மேற்கில் கான்தேஷ். 1997 நவம்பரில் ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபட் ஆகிய மூவரும் இப்பழைய இடங்களை நோக்கிப் புறப்பட்டனர். முதலில் கிழக்குப் பகுதியில் தேடினர், பறவை கிட்டவில்லை. பின்னர் மேற்கே வந்து, மகாராஷ்டிராவின் வடமேற்கில் சாத்பூரா மலையடிவாரத்தில் உள்ள ஷஹாதா அருகே தேடினர். நவம்பர் 25-ஆம் நாள் காலை, நல்ல வெயிலில், இலையுதிர்ந்த மரமொன்றில் காட்டுச் சிற்றாந்தை அமர்ந்திருக்கக் கண்டனர். ஒளிப்படமும் காணொளியும் எடுத்துச் சான்றை உறுதிப்படுத்தினர்.

டேவிட்சன் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்ச் சீட்டில் எழுதிய இடப்பெயர் பொய்க்கவில்லை. ஓர் ஆட்சிப்பணியாளர் தம் ஓய்வுநேரத்தில் நேர்மையாக எழுதிவைத்த ஒரு வரியே, புகழ்பெற்ற ஒருவரின் பொய்வரியை வென்றது. வரலாற்றுச் சான்றின் மதிப்பு அதனை எழுதியவரின் பெருமையைச் சார்ந்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிதெனலாம்.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. கூகை பகலில் வலியிழக்கும் என்பது நம் இலக்கியம் வழங்கிய பொதுவறிவு. காட்டுச் சிற்றாந்தையோ பெரிதும் பகலில் இயங்குவது. காலையில் மரக்கிளைகளின் உச்சியில் வெயில் காய்ந்து, பல்லி, ஓணான் இனங்களையும் எலிகளையும் பூச்சிகளையும் வேட்டையாடுகின்றது. மனவெழுச்சி கொண்டால் வாலை இடமும் வலமும் விரைந்து அசைக்கின்றது. ஏறத்தாழ 23 செ.மீ. நீளமே உடையதாயினும் அதன் தலையும் கால்களும் உகிர்களும் உடலளவுக்குப் பெரியவை. பொதுவறிவை இனமறியாது எங்கும் பொருத்துதல் பிழைக்கு இடந்தரும் என்பதை இதனாலும் உணரலாம்.

மீள்கண்டுபிடிப்புக்குப் பின்

1998 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் ஃபரா இஷ்தியாக்கும் அசாத் ரஹ்மானியும் கள ஆய்வுகளை மேற்கொண்டனர். மகாராஷ்டிராவின் தோரண்மால், மேல்காட் காடுகளிலும் மத்தியப் பிரதேசத்தின் தென்மேற்குப் பகுதிகளிலும் இப்பறவை வாழ்வது தெரியவந்தது. 2014-இல் மும்பைக்கு அருகிலுள்ள தான்சா வனவிலங்குக் காப்பகத்திலும், அதனையடுத்துக் குஜராத்தின் பூர்ணா காப்பகத்திலும் இது பதிவாயிற்று. தேக்குமரங்கள் மிகுந்த வறண்ட இலையுதிர் காடுகளே இதன் வாழிடம். மரவெட்டும், காட்டை வேளாண் நிலமாக்குதலும், ஆந்தையின் உறுப்புகளை மாந்திரீகத்திற்குப் பயன்படுத்தும் மூடவழக்கும் இதற்குப் பகையாக உள்ளன. அழிவின் விளிம்பில் உள்ள இனம் என முன்னர் வகைப்படுத்தியிருந்த பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 2018-இல் இதன் நிலையை ஒருபடி தளர்த்தி, அழிவை எதிர்நோக்கும் இனம் என அறிவித்தது. முதிர்ந்த பறவைகள் ஆயிரத்திற்கும் குறைவே என்பது அதன் மதிப்பீடு.

பூர்ணா காப்பகம், மைனர்ட்ஸ்ஹாகன் தம் சீட்டில் எழுதிய மாண்ட்விக்கு வெகுதொலைவிலன்று. அங்ஙனமாயின் அவர் சீட்டு ஒருவகையில் மெய்யாயிற்றன்றோ எனச் சிலர் வினவக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பறவை அவ்வட்டாரத்தில் இருந்திருக்கலாம். ஆயினும் அந்தத் தோல் அங்கிருந்து வந்ததன்று. பொய்ச்சான்று தற்செயலாக உண்மைக்கு அருகில் அமைந்துவிடின், அது சான்றாகிவிடாது. முடிவு சரியாயிருப்பதும் சான்று மெய்யாயிருப்பதும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை ஆய்வு மாணவர் உள்ளத்தில் பதிப்பது நம் கடமையெனக் கருதுகின்றோம். தாம் விரும்பும் முடிவுக்குத் துணைசெய்கின்றது என்னும் ஒரே காரணத்தால் ஐயத்திற்குரிய சான்றை ஏற்கும் போக்கு, நம் துறையிலும் இல்லாததன்று.

பேரினம் பற்றிய வழக்கும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஹ்யூம் இதனைத் தனிப்பேரினம் என்றார். பின்வந்தோர் அத்தீனேயுள் அடக்கினர். மீள்கண்டுபிடிப்பின்போது அதன் குரலும் நடத்தையும் உடலமைப்பும் வேறாக இருத்தல் கண்டு, ஹ்யூமின் கருத்துக்கு மீண்டும் ஆதரவு எழுந்தது. 2018-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, இப்பறவை அத்தீனேக் குடும்பத்துள்ளேயே அமைகின்றது எனக் காட்டிற்று. ‘வேறான ஆந்தை’ என ஹ்யூம் கருதியது, இறுதியில் உறவான ஆந்தையே ஆயிற்று. ஹ்யூமின் கருத்து பிழைபட்டது. ஆனால் அவர் விட்டுச்சென்ற சான்று பிழைபடவில்லை. கருத்தில் நேரும் பிழையைப் பின்வருவோர் திருத்தவியலும். சான்றையே மாற்றிவிடின், திருத்துதற்குரிய அடிப்படையே இல்லாமற் போகின்றது. மோசடியின் கொடுமை இங்குத்தான் உள்ளது.

முடிவுரை

அத்தீனே பேரினத்தின் வரலாறு, நாணயத்தில் பொறித்த தெய்வப்பறவை தொடங்கி மரபணு ஆய்வு வரை நீள்வது. அதனுள் காட்டுச் சிற்றாந்தையின் வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. முதலாவது, சான்றுகள் குறைவாக உள்ள துறையில் ஒவ்வொரு சான்றின் வழிவரவும் ஆராயப்பட வேண்டும். இரண்டாவது, எழுதியவரின் புகழ் சான்றின் உண்மைக்குப் பிணையாகாது. மூன்றாவது, பொய்யை நீக்குதல் வெறும் அழிப்புவேலையன்று. அது மெய்யைக் காணும் வழி. ராஸ்முசெனும் பிறரும் புதிய சான்று எதனையும் முதலில் பெற்றிலர். பழைய பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கினர், எஞ்சியவற்றை நம்பினர், பறவை அங்கே இருந்தது.

113 ஆண்டுகள் ‘மறைந்திருந்தது’ என்று நாம் எழுதுகின்றோம். மறைந்தது நூல்களிலிருந்துதான். சாத்பூரா மலைச்சாரலில் தலைமுறை தலைமுறையாக அது கூடமைத்துக் குஞ்சு பொரித்துக்கொண்டே இருந்தது. இந்நாடுகளின் தமிழர் வரலாற்றிலும், ஆவணங்களில் இல்லை என்பதனாலேயே இல்லாதவையாகக் கருதப்படுவன பல உள்ளன. தோட்டப்புறக் கோயில்களின் கணக்கேடுகள், பள்ளிகளின் பழைய பதிவேடுகள், குடும்பங்களில் எஞ்சிய கடிதங்கள் ஆகியவற்றைத் திரட்டும் நம் மாணவர்கள், ஒவ்வொன்றின் மீதும் அது கிடைத்த இடத்தையும் நாளையும் கொடுத்தவர் பெயரையும் தவறாது எழுதுவார்களாயின், அச்சிறு சீட்டு நூறாண்டுகள் கழித்து யாரோ ஒருவரைச் சரியான இடத்திற்கு அழைத்துச் செல்லும். டேவிட்சனின் சீட்டு அவ்வாறே செய்தது.